பூவரசங் கைப்பிடி

புன்னைத்துறையில் ஒரு போலீஸ் பிஸ்டல் துளிர்விட்ட வருஷம், மழை கொஞ்சம் முந்திக்கொண்டது, மத்தி மீன் மலிந்துபோய்ப் பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது, மற்றபடி விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு கப்பலேறிப் போன சின்னஞ்சிறு கடற்கரை ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு தேவாலயம், ஒரு பள்ளிவாசல், ஒரு மாரியம்மன் கோயில், மூன்றுக்கும் பொதுவாக ஒரு மீன் மார்க்கெட், எல்லாவற்றுக்கும் நடுவில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த போலீஸ் ஸ்டேஷன். அந்த ஸ்டேஷன் ஆட்களின் தொப்பைக்கும் தோளுக்கும் தக்கபடி காக்கி தைத்துக் கொடுத்து வந்தவள் பெர்னதெத் என்கிற தையற்காரி, பிஸ்டல் துளிர்த்தது அவள் கடை மேசையில்தான்.

பெர்னதெத் இடதுகைக்காரி. மெட்ராஸிலிருந்து சொல்லிவைத்து வரவழைத்த அவளுடைய கத்தரிக்கோல் இடது கைக்கென்றே செய்தது, அவசரத்துக்கு இரவல் வாங்கிப்போன எவரும் அதால் ஒரு நூலைக்கூட ஒழுங்காக வெட்டியதில்லை, திட்டிக்கொண்டேதான் திருப்பித் தருவார்கள். கல்யாணம் வேண்டாம் என்றிருந்துவிட்ட அவளுக்கு ஊர் அறிய ஒரு பைத்தியம் இருந்தது. பழைய போலீஸ் சாமான் எதைக் கண்டாலும் விடமாட்டாள். பித்தளைப் பட்டன்கள், கொட்டை போன விசில்கள், சாயம் போன சிவப்புக் குல்லாய்கள், நாலு விதமான இடுப்புவார் பூட்டுகள் என்று கடையின் கண்ணாடி அலமாரி நிறைந்து கிடந்தது. பொம்பளைக்கு இது என்ன ஆசையோ என்று ஊர் சிரித்தது, அவளும் கூடவே சிரித்துவைத்தாள்.

உண்மையில் அவள் அலைந்ததெல்லாம் ஒரே ஒரு பொருளுக்காக.

அவளுடைய அப்பா சவரிராயன் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கான்ஸ்டபிள். கொடி மாறிய வாரத்தில் எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னார்கள், அவரும் கொண்டுபோய்க் கொடுத்தார். புதிதாக வந்த அதிகாரிகள் எண்ணிப் பார்த்தபோது ஒரு பிஸ்டல் குறைந்தது. அது சவரிராயனுடையது. "ஒப்படைச்சேன்" என்றார் அவர். யாரிடம் என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்ட துரை அதற்குள் கப்பலில் இருந்தான். வேலை போயிற்று. கடத்தல்காரர்களுக்கு விற்றுவிட்டான் என்று ஊர் ஒரு கதை கட்டியது, அந்தக் கதை காலூன்றி நின்று, கடைசியில் தபால்காரர்களே "பிஸ்டல் வித்தவன் வீடு" என்று அடையாளம் கேட்டு வரும் அளவுக்கு முற்றிப்போனது.

அன்றிலிருந்து சவரிராயன் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை, அந்தத் தெருப் பக்கமே தலைவைத்ததில்லை. தேவாலயத்துக்கு நேர்வழி அந்தத் தெருதான், ஆனால் ஞாயிறுதோறும் அவர் மீன் மார்க்கெட்டைச் சுற்றி, உப்பளத்து மணலில் கால் புதையப் புதைய நடந்து, பெண்கள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கமாகப் போய்ப் பூசை காண்பார். நாற்பது வருஷம் அப்படி நடந்த முழங்கால்கள், பிஸ்டல் துளிர்ப்பதற்கு முந்தின வருஷத்தோடு நின்றுவிட்டன. உப்பளத்து மணலில் ரிக்‌ஷா போகாது, நேர்வழியில் அவர் போகமாட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொல்லைப்புறத்து நாற்காலியில் உட்கார்ந்து, கோயில் மணி அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு சாப்பிட மாட்டார். அவருக்குப் போட்ட சோற்றைப் பெர்னதெத் மூடி வைப்பாள்.

அவள் போட்ட கணக்கு ஒன்றுதான். அந்தப் பிஸ்டல் எவனோ ஒரு கடத்தல்காரன் வீட்டுப் பரணில் கிடைத்தால் ஊர் சொன்னது நிஜம், சர்க்காரின் சாமான் அறையிலேயே கிடைத்தால் அப்பா சொன்னது நிஜம். எங்கே போலீஸ் கழித்துக்கட்டிய சாமான் ஏலம் என்றாலும் முன்வரிசையில் போய் நின்றாள். சேகரிப்பாளர் லைசென்ஸ் ஒன்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி, அந்த ஆபீஸ் பியூன்களுக்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுத்து, ஒருவழியாக அதையும் வாங்கி வைத்திருந்தாள்.

அப்படி ஒரு ஏலத்தில்தான், பறிமுதல் செய்த நாட்டுத் துப்பாக்கிகள் போட்டிருந்த பெட்டியின் அடியில், துருவோடு துருவாக அது கிடந்தது. குழலில் ஈயம் ஊற்றி அடைத்து, சுடும் ஊசியைப் பிடுங்கி, இனி ஒரு கொசுவைக்கூடச் சுட முடியாதபடி ஆக்கி, கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளூர்த் தயாரிப்பு, அடையாளம் தெரியவில்லை என்றது சீட்டு.

"ஏதோ ஆசாரி அடிச்சது அக்கா. உங்க அலமாரிக்கு மட்டம்" என்றார் ஏலக்காரர்.

பெர்னதெத் அதைக் கையில் எடுத்தாள். எடுத்த கையில் அது அப்படியே உட்கார்ந்தது, தானே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. ஆசாரி அடித்ததாவது! இரும்பு தொழிற்சாலை இரும்பு. இடப்பக்கக் கைப்பிடியில் பிரெஞ்சுப் போலீஸ் பிஸ்டல்களுக்கே உரிய கறுப்பு வில்லை, அதாவது பிடியை மூடும் தகடு, இருந்தது. வலப்பக்கம் மட்டும் வெறும் மரம், அதன்மேல் பூசியிருந்த கறுப்பு மை தேய்ந்து போயிருந்தது. கறுப்புக் கைப்பிடி உள்ளதெல்லாம் சர்க்கார் சாமான், மரக் கைப்பிடி உள்ளதெல்லாம் நாட்டுத் துப்பாக்கி என்று என்றைக்கோ ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போட்டிருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து எண்ணைத் தேடினாள். அப்பாவின் பிஸ்டல் எண் அவளுக்குச் செபமாலை மாதிரி மனப்பாடம். மற்ற இலக்கங்கள் பொருந்தின, ஆனால் கடைசி இலக்கத்தைக் கடல்காற்று தின்றுவிட்டு, வலப்பாதியை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அது எட்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். எட்டு என்றால் அப்பாவுடையது, மூன்று என்றால் எவனுடையதோ. அப்பாவிடம் காட்டலாம் என்று கொல்லைப்புறம்வரை போனவள் திரும்பி வந்துவிட்டாள். காட்டி, இல்லையென்று ஆகிவிட்டால் அந்த மனுஷன் தாங்கமாட்டார், நிச்சயமாகத் தெரியட்டும் என்று நினைத்தாள். கைப்பிடியின் திருகு உப்பேறி இறுகியிருந்ததால், இளகட்டும் என்று ஈரத்துணியைச் சுற்றிக் கடை மேசையில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்து துணியைப் பிரித்தபோது மரக் கைப்பிடியிலிருந்து இரண்டு இலைகள் எட்டிப் பார்த்தன. இளம்பச்சை, இதய வடிவம், நுனி கொஞ்சம் கூர்.

"பூவரசு" என்றாள் பெர்னதெத். மரத்தின் பெயரை மரமே சொல்லிவிட்டது, இதைவிட ஒரு சேகரிப்பாளருக்கு என்ன வேண்டும்! பூவரசு என்றால் கைப்பிடி இந்த ஊரில் போட்டது. ஆனால் போட்டவன் போலீஸ்காரனா கடத்தல்காரனா என்பதை இலை சொல்லவில்லை. அவள் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் காக்கித் துணியை வெட்டப் போனாள்.

முதலில் வந்து பார்த்தவள் பக்கத்து வீட்டுச் செண்பகவல்லி. பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "பெர்னா, பெரிசா விடுமா இது? ஆடி வருது, கொழுக்கட்டை அவிக்க எல இல்லாம கெடக்கோம்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பெரிய புயல் ஒன்று வந்து ஊரிலிருந்த பூவரசுகளையெல்லாம் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு புன்னைத்துறைக்காரர்கள் வாழை இலையில் அவித்துத் தின்று, வாசனை போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டே காலம் தள்ளினார்கள். பிஸ்டல் அந்தக் குறையைப் போக்கியது. காலையில் ஒரு கொத்து பறித்தால் மறுநாள் இன்னொரு கொத்து தயாராக நின்றது. செண்பகவல்லி வீட்டுக் கொழுக்கட்டையில் லேசாகத் துப்பாக்கி எண்ணெய் வாசம் அடிப்பதாக அவள் மாமியார் சொன்னார், சொல்லிக்கொண்டே இன்னொன்று எடுத்தார். பிள்ளைகள் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து ஊதினார்கள், தெரு முழுக்கக் கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது. பள்ளிவாசல் தெருவிலிருந்து கமருதீன் மாமா வந்து, தன் ஆட்டுக்குட்டிக்கு வயிறு சரியில்லை, ஒரு கை கொழுந்து வேண்டும் என்று வாங்கிப் போனார்.

ஊரில் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது என்று பெர்னதெத் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். புன்னைத்துறை அதன் சரித்திரத்திலேயே முதன்முறையாக வாயைக் கட்டியது. ஆனால் காதை எப்படிக் கட்டுவது? கொல்லைப்புறத்தில் சவரிராயன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பூவரசம் பீப்பீ சத்தமால்ல இருக்கு. ஏது பெர்னா, ஊர்லதான் ஒரு பூவரசும் இல்லையே?"

"வெளியூர்லேர்ந்து யாரோ கொண்டாந்தாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ரசத்துக்குப் பெருங்காயம் தேடுவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

ஸ்டேஷனுக்கும் செய்தி போனது. சப்-இன்ஸ்பெக்டர் தில்லைக்கூத்தன் சின்ன வயதுக்காரர், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். லைசென்ஸை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"மேடம், ஆயுதம் வளரக்கூடாதுன்னு இதுல எங்கேயும் இல்ல. ஆனா நீளம் போட்டிருக்கு. அதுக்கு மேல போனா அது வேற ஆயுதம்னு ஆயிடும்."

"அதுக்கு என்ன சார் செய்யறது?"

"வெட்டிடுங்க. வாராவாரம் வந்து அளந்துக்கறோம்."

அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் ஏட்டு வேதாசலம் சைக்கிளில் வருவார், பெர்னதெத்தின் நாடாவையே இரவல் வாங்கி அளப்பார், சட்டத்துக்கு மீறிய கிளையை அவள் தன் கத்தரிக்கோலால் வெட்டித் தருவாள், வெட்டியதை அவரே சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு வேலியில் ஊன்றுவார். ஊன்றியது பிடித்துக்கொண்டது. பூவரசங் கம்புக்கு மண்ணைக் காட்டினால் போதுமே! அதைப் பார்த்து ஆளாளுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். பிஸ்டலின் பிள்ளைகள் கடற்கரை வரை போயின, புயல் மொட்டையடித்த தெருக்களில் திரும்பவும் ஆடுகள் ஒதுங்க நிழல் விழுந்தது. எல்லாம் சந்தோஷந்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்து ஓய்ந்தது, கொல்லைப்புறத்து நாற்காலி அப்படியே இருந்தது, பெர்னதெத்துக்கு அந்தப் பாதி எண் எட்டா மூன்றா என்று இன்னும் தெரியவில்லை.

கடைசியில் மெட்ராஸுக்கு ஆள்விட்டு, பழைய கைத்துப்பாக்கிகள் சேர்ப்பவர்களில் பெயர்பெற்ற பத்ரிநாத்தை வரவழைத்தாள். நல்ல மனிதர், நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். இலைகளை மெதுவாக விலக்கி, முள்ளெடுப்பதுபோல் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். தில்லைக்கூத்தனும் சட்டப்படி கூட இருக்கவேண்டும் என்று வந்திருந்தார், செண்பகவல்லி சட்டம் எதுவும் இல்லாமலே வந்திருந்தாள்.

"இரும்பு சுத்தமான பிரெஞ்சுப் போலீஸ். அதுல சந்தேகமே இல்லம்மா. எண் மட்டும் கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றார் பத்ரிநாத். "ஆனா இந்த மரத்தைக் கழட்டிப் போட்டுடுங்கோ. என்கிட்ட அசல் கறுப்பு வில்லை ஒண்ணு இருக்கு, தரேன். அசலா இருந்தாத்தானே சேகரிப்பு? இதைச் செதுக்கினவன் சரியான அரைகுறை. இங்க பாருங்கோ, பிடிக்கவே வரலை. மேல தேவையில்லாம ஒரு குழி, அதோட விளிம்பு உள்ளங்கையிலே வந்து முட்டறது. கோணல்!"

"கோணலா?" என்றாள் பெர்னதெத். அவர் சொன்னது அசலைப் பற்றி, சேகரிப்பவளுக்கு அது வேதவாக்கு, திருப்புளியைக் கையில் எடுத்தேவிட்டாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை அவள் காதில் மாட்டிக்கொண்டது. "இதுவா கோணல்? எனக்கு நல்லா ஒக்காருதே."

"நீங்க பாருங்க சார்" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். அவர் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஆமாம் மேடம், முட்டுது." செண்பகவல்லி தானும் பிடிப்பேன் என்று வாங்கினாள். "ஐயே, உன் கத்தரிக்கோலாட்டமால்ல இருக்கு! மனுஷர் கையில நிக்குதா இது?"

பெர்னதெத் பிஸ்டலைத் திரும்ப வாங்கினாள். வாங்கிய கையைப் பார்த்தாள். அது இடது கை. அவள் கட்டைவிரல் வலப்பக்கத்து மரத்தில் இருந்த அந்தக் குழியில், அதற்கென்றே குடைந்துவைத்த மாதிரி, அமைதியாகப் படுத்திருந்தது. மேசைமேல் கத்தரிக்கோல் கிடந்தது. இத்தனை வாரமாகத் தண்ணீர் தெளித்தாள், இலை பறித்தாள், கிளை வெட்டினாள், இது ஏன் தனக்கு மட்டும் இவ்வளவு பாந்தமாக இருக்கிறது என்று ஒருதரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த ஊர்ப் போலீஸில் ஒரே ஒரு பீச்சாங்கைக்காரர் இருந்தார், அதற்காக அவரை அணிவகுப்பில் கேலி செய்வார்கள் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்தக் கை அவளுக்கு வந்தது அவரிடமிருந்துதான்.

அவள் திருப்புளியைப் போட்டுவிட்டு, இலையும் கிளையுமாகப் பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். மற்றவர்கள் கதவருகே நின்றுவிட்டார்கள்.

சவரிராயன் முதலில் இலையைத்தான் பார்த்தார். பிறகு இரும்பைப் பார்த்தார். இடது கையை நீட்டினார். கட்டைவிரல் குழியில் விழுந்தது.

"கெணத்தடிப் பூவரசு" என்றார். "ஒரு கள்ளச்சாராயக்காரனத் தொரத்தறப்ப விழுந்தேன், வில்ல ஒடஞ்சுபோச்சு. நானே ஒக்காந்து செதுக்குனேன். கறுப்பு மை பூசி விட்டுட்டேன், எவனும் கண்டுபிடிக்கல."

"மரம் போட்டிருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா சாமான் அறையில நாட்டுத் துப்பாக்கிப் பெட்டியக் கிளறிப் பாத்திருப்பாங்களேப்பா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சர்க்கார் சாமானை ஒடச்சேன்னு அபராதம் போடுவானேன்னு மொதல்ல வாயத் தொறக்கல. அப்பறம் வித்துட்டேன்னு சொன்னானுவ. ஒப்படைச்சேன்னு சொன்ன மனுஷன் பேச்ச நம்பாதவனுக்கு மரத்தப் பத்தி என்ன சொல்லறது?"

பெர்னதெத்துக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்கவேண்டும் போலக் கோபம் வந்தது, கோபம் பாதியில் சிரிப்பாக மாறியது, சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். கதவருகே பத்ரிநாத் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அசல்தான்" என்றார், யாரும் கேட்காமலே.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை" என்றார் சவரிராயன் கொஞ்சநேரம் கழித்து. "நேர்வழியா பூசைக்குப் போவணும். போற வழியில இத ஒப்படைச்சுட்டுப் போவலாம்னு பாக்குறேன். ஆனா இது ஒன் சாமான். நீ என்ன சொல்லற?"

பெர்னதெத் தலையைத் தூக்கினாள். அவள் ஆயுசு பூராவும் தேடிய பொருள், அலமாரியின் நடுத்தட்டை அதற்கென்று வெகுநாளாகக் காலியாகவே வைத்திருந்தாள். கொடுத்தால் திரும்பாது. சேகரிப்பவர்களுக்குக் கொடுக்கிற பழக்கம் கிடையாது, அவளும் ஒரு பட்டனைக்கூட இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பிறகு அந்த முழங்கால்களைப் பார்த்தாள்.

"சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கிறேன்பா" என்றாள்.

மறுநாள் காலையில் முதல் மணி அடித்ததும் சவரிராயன் வெள்ளைச் சட்டையில் தெருவில் இறங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, மீன் மார்க்கெட் பக்கம் திரும்பாமல் நேராக நடந்தார். ஊர் வேலை இல்லாத மாதிரி வாசல்களில் நின்றது. செண்பகவல்லி போட்ட கோலத்தையே மறுபடி போட்டாள், கமருதீன் மாமா ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் படியில் அவர் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஏறினார்.

பிஸ்டல் காணாமற்போனது தில்லைக்கூத்தன் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதி. அவர் சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், கிழவரைப் பார்த்ததும் எழுந்தார், எழுந்த பிறகு தொப்பி இல்லை என்று ஞாபகம் வந்து எடுத்து மாட்டிக்கொண்டார். சவரிராயன் மகளின் தோளை விட்டு, நிமிர்ந்து, இடது கையால் பிஸ்டலை நீட்டினார்.

"கான்ஸ்டபிள் சவரிராயன். ஒப்படைக்கிறேன் ஐயா."

தில்லைக்கூத்தன் இரண்டு கையாலும் வாங்கினார். லைசென்ஸ், நீளம், சட்டம் எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"வாங்கிக்கிட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நாற்பது வருஷம் மணலில் நடந்தவர், கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு, பூசைக்கு நேரமாயிற்று என்று திரும்பிவிட்டார். பின்னாலேயே வந்த வேதாசலம் ஏட்டுதான் கவனித்தார், வாங்கிய கைகளில் கிளை நுனியில் மஞ்சளாக ஒரு பூ விரிந்திருந்தது. பூவரசம் பூவுக்கு உள்ள வழக்கப்படி அது சாயங்காலம் சிவந்தது.

சாமான் அறையில் கறுப்புக் கைப்பிடிகளுக்கு ஒரு வரிசையும் மரக் கைப்பிடிகளுக்கு ஒரு வரிசையும் இருந்தன, இலை விட்டதற்கு வரிசை இல்லை. தில்லைக்கூத்தன் யோசித்துப் பார்த்து, வாசலில் ஒரு குழி வெட்டச் சொல்லி அதில் வைத்து மண் தள்ளினார். இப்போது அது தெருவையே மூடி நிற்கிற மரம், இரும்பு எப்போதோ அடிமரத்துக்குள் போய்விட்டது. பிள்ளைகள் அங்கேயே இலை பறித்து ஸ்டேஷன் வாசலிலேயே பீப்பீ ஊதுகிறார்கள், போலீஸ்காரர்கள் விரட்டுவதில்லை. தபால்காரர்கள் "பிஸ்டல் கொடுத்தவர் வீடு" எது என்று கேட்டு வருகிறார்கள். பெர்னதெத்தின் அலமாரியில் நடுத்தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வேறு எதையும் அங்கே வைக்க அவளுக்கு மனசில்லை.

அந்த அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மணி அடித்ததும் சவரிராயன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெரு வழியாக நடந்து வருவார், மரத்தடியில் நின்று மூச்சு வாங்குவார், இடது கைக் கட்டைவிரலை அந்தக் குழியில் ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போவார்.